எந்த ஊர்ச் சங்கம்?

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "நம்ம வேலையில ஒரு தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா எவ்வளவு சீக்கிரம் திருத்தணும் மேடம்?" உடனே திருத்த வேண்டும் என்று நான் சொல்வேன் என எல்லோரும் காத்திருந்தீர்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நானும் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம். அதனால் எழுதியே தருகிறேன்.

உங்களுக்கு இப்போது பட்டயப் படிப்பு இருக்கிறது, கையேடு இருக்கிறது, 'இளையோர் பணி' என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்ள ஒரு பெயரும் இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் நான் சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே பட்டம் உமேத்வார். வேலை பழக வந்த ஆள் என்று அர்த்தம். இன்டர் முடித்துவிட்டு மாட்டுங்காவில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். தாராவியில் வயதுப் பெண்களுக்காக ஒரு அறை நடத்திவந்த சின்ன அமைப்பு என்னை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டது. தமிழ் பேசத் தெரிந்த பெண் வேண்டும், அவ்வளவுதான் தகுதி. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "பொண்களோட ஒக்காந்து பேசிண்டிருக்கறதுக்கு ஒரு உத்தியோகமா? அத நம்மாத்துலயே பண்ணலாமே" என்றார். வீட்டில் நாங்கள் நாலு பெண்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த அறையை நடத்தியவர் செம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மராட்டிப் பெண். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். மராட்டியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். அவரை எல்லோரும் அப்படிக் கூப்பிட, தாராவியில் இருந்த நம் திருநெல்வேலி ஜனங்கள் அதைப் பெற்ற தாய் என்றே எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆகாத அந்த மனுஷியைப் பார்த்து பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட "எங்க தாயி" என்று உருகுவார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் "நல்லதுதான், பதவி உயர்வு" என்றார். சொல்லிக்கொடுக்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. நான் எதைக் கேட்டாலும் "பைட்டோ" என்பார். உட்கார் என்று பொருள். முதல் சில மாதங்கள் நான் செய்த வேலையும் அதுதான். பெண்கள் தட்டாங்கல் ஆடுவார்கள், படிப்பார்கள், சண்டை போடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். என் கைகள் பரபரத்துக்கொண்டே இருக்கும்.

அறை என்பது தோல் கட்டுகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடி. கிட்டங்கிக்காரர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் பெரியவர். தன் மகள் மைமூனும் வெளியே போகாமல் நாலு பேரோடு பழகட்டும் என்று மாடியைச் சும்மாவே கொடுத்திருந்தார். உப்பும் தோலும் சேர்ந்த வாடை ஏணிப்படி ஏறி நம்மோடேயே மேலே வரும். மற்றப் பெண்கள் எல்லாம் திருநெல்வேலிக்காரர்கள், ஐந்தாறு ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தி பேச்சி. பதினாறு வயது, பள்ளி இறுதியான எஸ்.எஸ்.சி. வகுப்பு. அவர்கள் சந்தில் அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் அந்த வகுப்பை எட்டியதில்லை. முனிசிபல் பள்ளியில் ஏழாவது முடித்துவிட்டு மாட்டுங்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தே போய் வந்தாள். பங்குனியில் பரீட்சை.

அந்த அறைக்குப் பெயர் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தீபாவளி கழிந்த வாரம் ஒரு தகரப் பலகை வாங்கி, நீல வர்ணத்தில் 'பெண்கள் சங்கம்' என்று நானே எழுதி, ஏணிப்படிக்கு மேலே மாட்டினேன். மாட்டுங்காவில் சங்கம் என்றால் கச்சேரி வைக்கும், நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கும். வேறு என்ன செய்துவிடப் போகிறது? தாயிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அண்ணாந்து பார்த்துவிட்டு "நிறம் நன்றாக இருக்கிறது" என்றார்.

மறுநாள் ஒரு பெண்கூட வரவில்லை. கீழேயே குடியிருந்த மைமூன் மட்டும் மேலே ஏறி வந்தாள்.

"என்னக்கா இப்புடிப் பண்ணிட்டீக? எந்த ஊருச் சங்கம்னு சந்து பூராம் கேக்குறாக."

"ஊரா? ஊர் எதுவும் இல்லையே."

"ஊரு இல்லாம எப்புடிக்கா சங்கம் இருக்கும்?" என்று மைமூன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாராவியில் திருநெல்வேலிச் சீமையின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவன் முதலில் படுப்பது தன் ஊர்ச் சங்கத்து அறையில். கல்யாணத்துக்குப் பாத்திரமும் பெட்ரோமாக்ஸும் கொடுப்பது சங்கம், சண்டையைத் தீர்ப்பது சங்கம், செத்தால் தூக்குவதும் சங்கம். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் அதற்கு வரி கட்ட வேண்டும். ஒரு சங்கத்து வீட்டார் இன்னொரு சங்கத்தில் சேர்ந்தால் தெண்டம். பெண்களுக்கு எந்தச் சங்கத்திலும் இடமில்லை. அப்பன் பெயரிலோ புருஷன் பெயரிலோ அவர்கள் அடக்கம். நானோ ஐந்தாறு ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து, யாரையும் கேட்காமல் ஒரு புதுச் சங்கத்தையே கிளப்பிவிட்டேன். அப்பன்மார் வீட்டுக்கு வீடு பெண்களை நிறுத்திவிட்டார்கள். பேச்சியின் ஊர்ச் சங்கத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்து பதில் சொல்லும்படி எனக்குச் சொல்லியனுப்பினார்.

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணிப்படிக்கு ஓடினேன். தாயி கையைப் பிடித்தார்.

"மாட்டும்போது யாரைக் கேட்டாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"யாரையும் கேட்கவில்லை."

"கழற்றும்போதாவது கேள்."

யாரைக் கேட்பது? பெண்கள்தான் வரவில்லையே. சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். வரிசையில் பேச்சி நின்றாள். கக்கத்தில் ஒரு பாடப் புத்தகத்தை இடுக்கி வைத்திருந்தாள். நான் பலகையைக் கழற்றப் போவதாகச் சொன்னேன்.

"எடுத்திராதிய அக்கா" என்றாள்.

"அதனாலதானே உங்க ஆத்துல யாரையும் விடமாட்டேங்கறா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கும் அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலையில் இருந்த தாய்மாமனுக்கும் தை மாதத்தில் கல்யாணம் பேசிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா சங்கத்தில் வெற்றிலை வைத்துத் தேதி சொல்லிப் பாத்திரம் கேட்கப் போகிறார். சங்கம் வெற்றிலையை எடுத்துவிட்டால் அந்தத் தேதியை யாராலும் மாற்ற முடியாது. தையில் அம்பர்நாத் போகிறவள் பங்குனியில் எங்கே பரீட்சை எழுதுவது?

"அப்பாகிட்ட கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேன். சங்கத்துல சொல்லுததா பேசியாச்சுன்னு சொல்லிட்டாவ. சங்கத்துல நான் போயிக் கேக்க முடியுமா? பொட்டப்புள்ள அங்கன படி ஏறக் கூடாது. ஆனா வேற சங்கத்து ஆளுவ வெத்தலையோட வந்தா உள்ள விட்டே ஆவணும். பதில் சொல்லாம எந்திரிக்கக் கூடாது. அதான் முறை."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எங்க கோலிக்கும் சங்கத்துக்கும் நடுவுல பலகைச் செவருதானே. ஞாயித்துக்கிழம தோறும் படிச்சிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அந்த ஒற்றை அறை வீடுகளைக் கோலி என்பார்கள். குடம் நிரம்பியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "போர்டு இருந்தா நாங்க சங்கம். எடுத்துட்டியன்னா வெறும் பொட்டப்புள்ளைய."

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் நான் வீரமாக ஒரு முடிவு எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். சங்கம்தான் என்று நான் சொன்னால் அப்பன்மார் பெண்களை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். கிட்டங்கிக்காரர் நமக்கெதற்கு வம்பு என்று மாடியைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு பெண்ணின் பரீட்சைக்காக மற்ற எல்லோரும் அந்த அறையை இழக்க வேண்டுமா? அடக்கமாக ஒரு மன்னிப்பைத் தயார் செய்து மனப்பாடம் செய்துகொண்டேன். நல்ல மன்னிப்பு. அதில் 'பெரியவர்கள்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தாயி என்னோடு சங்கத்து வாசல் வரை வந்தார். எதிரே டீக்கடைப் பெஞ்சில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு உட்கார்ந்துகொண்டார். "நீங்களும் வாருங்கள்" என்றேன். "கூப்பிட்டிருப்பது உன்னை" என்று கடலையை உரிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

உள்ளே பாய் விரித்து ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பேச்சியின் அப்பா, மடியில் வெற்றிலைத் தட்டு. தலைவர் தோல் பட்டறையில் மேஸ்திரி. கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறியே உண்டு என்று சொல்வார்கள்.

"மொதல்ல டீச்சரம்மா விசயத்த முடிச்சிருவோம்" என்றார். "இங்க பாருங்க டீச்சரம்மா. நீங்க படிச்சவங்க. எங்க புள்ளைகளுக்கு நாலு நல்லது சொல்லுதிய, அதுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா போர்டுல சங்கம்னு போட்டிருக்கிய. சங்கம்னா சங்கம், இல்லன்னா இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னு சொன்னா போர்டை எறக்கிட்டு நாளையிலருந்து நீங்க பாட்டுக்கு நடத்துங்க. வம்பு, லஃப்டா எல்லாம் முடிஞ்சுது."

இதைவிட நல்ல வழியை யார் திறந்துவிடுவார்கள்? மன்னிப்பு என் நாக்கு நுனியில் இருந்தது. தொடங்குமுன் எதேச்சையாகத் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

வாசலுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். வீட்டில் அடைத்து வைத்திருந்த அத்தனை பேரும் எப்படியோ வந்திருந்தார்கள். மைமூன்கூட முக்காட்டோடு ஓரமாக நின்றாள். முன்னால் பேச்சி, பள்ளிக்குப் போவதுபோல் ரிப்பன் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கையில் பித்தளைத் தட்டில் வெற்றிலை. அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. மன்னிப்புக் கேட்டால் என் தப்பு சரியாகிவிடும், அவள் வழி அடைபட்டுவிடும். பலகையை மாட்டியது நான்தான், ஆனால் இந்த ஒரு வாரத்தில் அது என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. மற்றவர்களுக்காக நான் பயந்தேனே, அந்த மற்றவர்களும் அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சங்கந்தான்" என்றேன்.

அறையில் ஒரே கூச்சல். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"அப்பம் தலைவரு யாரு? நீங்களா?"

"நான் வேலை கத்துக்க வந்தவ. சங்கத்துக்காரா வாசல்ல நிக்கறா."

பேச்சி உள்ளே வந்தாள். தட்டைத் தலைவர் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் அப்பா பாதி எழுந்துவிட்டார். "ஏ புள்ள, என்ன காரியம் பண்ணுத? வீட்டுக்குப் போ."

"இருங்க" என்றார் தலைவர். "வெத்தலை வச்சாச்சுல்லா. இனும கேட்டுத்தான் ஆவணும்."

சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் விடவில்லை. "அதெப்படிவே? ஊரு இல்லாத சங்கம் எங்கயாவது உண்டா? எந்த ஊருச் சங்கம்னு கேளும்."

அந்தக் கேள்விக்கு ஒரு வாரமாக என்னிடம் பதில் இருக்கவில்லை. பேச்சி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுத ஊர நாங்க யாரும் பாத்தது இல்ல தாத்தா. நாங்க எல்லாரும் பொறந்தது இங்க. எங்க ஊரு தாராவி."

அந்த அறையில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து வந்தவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ஊர் எது என்று அவர்கள் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை போலும். தலைவர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி. தாராவிச் சங்கம். என்ன கேட்டு வந்திருக்கிய?"

"எங்க சங்கத்துப் புள்ள ஒண்ணு பங்குனியில பரீட்ச எழுதுது பெரியப்பா. அதுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்காவ. பரீட்ச முடியுத வரைக்கும் உங்க சங்கம் பாத்திரம் குடுக்கக் கூடாது."

"மச்சினன்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்வே" என்றார் அவள் அப்பா. கோபத்தைவிட அவர் குரலில் திகைப்புத்தான் அதிகம். "வாக்கு மாறுனா மூஞ்சியில எப்படி முழிக்க?"

"வாக்க மாத்தச் சொல்லலியே" என்றார் தலைவர் மெல்ல. "தேதியத்தானே மாத்தச் சொல்லுதாவ. மாப்பிள்ள எங்கயும் ஓடிரப் போறானா? இந்தா இருக்கு அம்பர்நாத்து."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். பேச்சியின் அப்பா தன் தட்டையும் மகளின் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தன் தட்டை மெதுவாகப் பின்னால் நகர்த்தி வைத்தார். தலைவர் மகளின் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார். "சங்கம்னு வந்துட்டா சொன்ன சொல்லக் காப்பாத்தணும். பாஸாவணும். பெயிலானா சங்கத்துக்குத்தான் கேவலம்."

"எந்தச் சங்கத்துக்குப் பெரியப்பா?"

"ரெண்டுக்குந்தாம்ட்டி" என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நான் வெளியே வந்தபோது காலே தரையில் பாவவில்லை. தாயியின் முன்னால் போய் நின்று நடந்ததெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ என்ன பேசினாய்?" என்றார். "சங்கந்தான் என்று சொன்னேன். நான் சங்கத்தின் தலைவர் இல்லை என்றும் சொன்னேன்" என்றேன் பெருமையாக. "முதல் வார்த்தை சரி. அடுத்த தடவை இரண்டாவது வேண்டாம், நகர்ந்து நின்றால் போதும்" என்று மிச்சக் கடலையை என் கையில் கொட்டினார். பிறகு எழுந்து என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே பின்வரிசைப் பெண்ணே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். தப்பு உன்னை மட்டும் பாதிக்கும் என்றால் உடனே திருத்து. ஆனால் நம் வேலையில் அப்படிப்பட்ட தப்பு அபூர்வம். நாம் செய்துவைத்ததைப் பிள்ளைகள் எடுத்து என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார். நம் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் அவர்கள் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும் ஏணியை உருவிவிடக் கூடாது. இதை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை.

பேச்சி தேறினாள். மாமனைக் கட்டிக்கொண்டாளா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? கட்டிக்கொண்டாள். அடுத்த தையில், அவள் சொன்ன தேதியில். அந்த மாமனும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அவளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். பிற்பாடு எங்கள் அறைக்கு உமேத்வாராக வந்த பெண்களில் பாதிப் பேர் பேச்சி டீச்சர் அனுப்பியவர்கள்.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அங்கே இல்லை. மாசி பிறந்ததும் தலைவர் ஓர் உத்தரவு போட்டார். சங்கத்துப் பிள்ளை படிக்கிறது, பரீட்சை முடியும்வரை சந்தில் யாரும் மைக் செட் போடக் கூடாது, போட்டால் தெண்டம். தன் சந்தோடு விடவில்லை. மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டார். சங்கத்துக்குச் சங்கம் கேட்டால் மறுக்க முடியாது, முறை அப்படி. கோயில் பஜனை வாயாலேயே நடந்தது. ஒரு கல்யாணம் முழுக்கப் பாட்டில்லாமல் நடந்து, மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டுப் போனார்கள். தாராவி அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்பும் பின்பும் யாரும் கண்டதில்லை.

கடைசிப் பரீட்சை நாளன்று பேச்சியைக் கூட்டிவர நானும் போயிருந்தேன். அவள் அப்பா மற்றப் பரீட்சை நாள்களைப் போலவே பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளி வாசலில் நின்றார். மூன்று பேரும் நடந்தே திரும்பினோம். சந்து முனையில் திரும்பினால் இரண்டு பக்கமும் ஜனம். பெண்கள், அப்பன்மார், கிட்டங்கிக்காரர், ஊர் கேட்ட அந்தப் பெரியவர், தாயி, எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. தலைவர் சங்கத்து வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பிடி எழுதியிருக்க?"

"நல்லா எழுதியிருக்கேன் பெரியப்பா."

அவர் திரும்பி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மைக் செட்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்த ஒலிபெருக்கிக் குழாய் அலறியதும் அடுத்த சந்தில் ஒன்று அலறியது, அதற்கடுத்த சந்தில் இன்னொன்று. ஒன்றில் சாமி பாட்டு, ஒன்றில் நாகஸ்வரம், ஒன்றில் ஹிந்தி சினிமாப் பாட்டு, இத்தனை வாரமாக அடைத்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில். பேச்சி என் காதருகே வந்து ஏதோ கத்தினாள், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அப்பா அழுதுகொண்டிருந்தார். அத்தனை சத்தத்தில் யார் அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.